தடம் விழாத தகடு

மெர்வின் ட்ராமன்ஸ் பத்தொன்பது ஆண்டுகளாக ‘மூன்று சம்மட்டி’ பப்பின் காற்றுத் துப்பாக்கி அணியில் சுட்டுவருகிறார். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் இருபத்தைந்து எடுத்ததில்லை. ஆளுக்கு ஐந்து குண்டு. ஐந்தும் இரும்புத் தகட்டின் துளைக்குள் போய் ஐந்து தடவை மணி அடித்தால், மணிக்கு ஐந்து புள்ளியாக, இருபத்தைந்து. மெர்வின் நான்கு முறை இருபத்துநாலு எடுத்திருக்கிறார். மற்றபடி இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அவரை மோசம் என்று யாரும் சொன்னதில்லை. பிரமாதம் என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் எவ்வளவு குறுகல் என்பது அதில் நெடுநாள் குடியிருந்தவருக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தின் வில்லன்ஹாலில் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. காலை ஏழரைக்குப் போனால் மாலை நாலரைக்குத் திரும்புவார். குதிரைப் பந்தயம், கால்பந்து, நாய் வளர்ப்பு எதிலும் நாட்டம் இல்லை. காற்றுத் துப்பாக்கி ஒன்றுதான். அதிகம் செலவு வைக்காத பொழுதுபோக்கு. ஒரு டப்பா ஈயக்குண்டு வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும். துப்பாக்கி அவருடைய அப்பா காலத்தது. ஒரு வில்லும் ஒரு தோல் வளையமும் மாற்றினால் இன்னும் முப்பது வருஷம் உழைக்கும்.

வீட்டிலேயே அவர் சுடுமிடம் ஒன்று அமைத்திருந்தார். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த கதவைக் கழற்றிவிட்டதால் சன்னலடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை சரியாக ஆறு கஜம் கிடைத்தது. அந்தச் சுவரில் கனமான பலகை, பலகையின் மேல் சுருட்டிய பழைய கம்பளம், அதற்கு முன்னால் பப்பில் இருப்பது போலவே ஓர் இரும்புத் தகடு. தகட்டின் நடுவே பெரிய பட்டாணி அளவுக்குத் துளை. துளைக்குப் பின்னால் மணி. மணிக்குக் கீழே, நசுங்கிய குண்டுகள் விழ ஒரு பிஸ்கட் டின். தகட்டின் முகத்தில் எண்ணெயில் குழைத்த வெள்ளைப் பூச்சு. அது இலேசில் காயாது. குண்டு துளையைத் தவறவிட்டால் பூச்சில் கரிய தடம் விழும். தடம் துளைக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்து நாலோ மூன்றோ போடுவார்கள். துளைக்குள் போனதற்குத் தடம் கிடையாது. மணிச் சத்தம் மட்டும்தான்.

வீட்டில் சுடுவதற்கு விதிகளும் உண்டு. இரண்டு கதவுகளுக்கும் உள்ளே தாழ்ப்பாள். பின்கதவுப் பிடியில் வெளிப்பக்கம் ஒரு சிவப்புத் துணி. கண்ணுக்குக் கண்ணாடி. பூனை மாடியில் அடைக்கப்பட வேண்டும். சிவப்புத் துணி தொங்கும்போது ராணியே வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும் என்பார் மெர்வின். அவருடைய மனைவி ஏவிஸ் இருபது வருஷமாக அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு, ஞாயிறு மதியங்களில் மாடியில் பூனையோடு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள்.

மெர்வினிடம் ஒரு குணம் இருந்தது. எங்கோ தொலைவில் இருப்பவர் மேல் அவருக்குப் பொறாமை வந்ததே இல்லை. ஒலிம்பிக்கில் ஒருவன் தங்கம் வாங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்தால் மனதாரக் கைதட்டுவார். தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் குடிக்கிற பீரையே குடித்து, தான் சுடுகிற தகட்டிலேயே தன்னைவிட ஒரு புள்ளி கூட எடுப்பவன்தான் அவரை வதைப்பான். பெரிய தூரங்களை மனிதன் விதி என்று ஏற்றுக்கொள்கிறான். ஓர் அங்குலத்தை ஏற்றுக்கொள்ள அவனால் முடிவதில்லை. அணித்தலைவர் சிரில் ஹாக்கெட் அப்படிப்பட்ட ஓர் அங்குலம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. தேநீரில் சர்க்கரை கலக்குவது போல அலட்டாமல் இருபத்தைந்து எடுப்பார். எடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் சாய்த்து வைக்கும்போது அவர் முகத்தில் எதுவும் இருக்காது. அந்த எதுவும் இல்லாத முகத்தை மெர்வின் பத்தொன்பது ஆண்டுகளாக வெறுத்துவந்தார். சிரிலுக்கு அது தெரியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் கோப்பைப் போட்டியின் அரையிறுதி வந்தது. அணிக்கு எட்டுப் பேர்தான் வேண்டும். சுடுகிறவர்கள் ஒன்பது பேர். ஒருவர் வெளியே உட்கார வேண்டும். அது மெர்வினாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெர்வினுக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் போடுகிற புதன்கிழமை மாலை, பக்கத்து வீட்டு கில்லியம் பப்புக்கு வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் அவர் வீட்டுக்கும் மெர்வின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். சிரிலின் மேசைக்கு வந்தவர், மெர்வினின் தோளில் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“இவன் இங்க வந்து பூனை மாதிரி உக்காந்திருக்கானே, வீட்ல என்ன பண்றான்னு தெரியுமா உங்களுக்கு? நேத்து மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். டீ போட்டுட்டு உக்காந்தேன். மணி அடிக்குது. அடிக்குது, அடிக்குது, நிக்கவே இல்ல. எண்ணினேன். இருபத்திரண்டு, தொடர்ச்சியா. டீ ஆறிப்போச்சு.”

தொழிற்சாலையில் அப்போது வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று வேலையைக் குறைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மெர்வின் வீட்டில் இருந்திருப்பார் என்று கில்லியம் எடுத்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு மெர்வின் எந்திரத்தின் முன்னால் நின்று சாவிகளுக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தார்.

சிரில் மெர்வினைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் மெர்வினை அப்படிப் பார்த்ததில்லை. ஒன்றும் கேட்காமல் பென்சிலை எடுத்துப் பட்டியலில் எட்டாவது பெயரை எழுதினார். மெர்வின் வாய் திறக்க அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் அவர் செய்ததெல்லாம் தன் கோப்பையின் அடியில் இருந்த நுரையைப் பார்த்ததுதான். பொய் சொல்வதற்கு நாக்கு வேண்டும் என்பதில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. என் வீட்டில், நான் இல்லாத நேரத்தில், என் மணியை அடித்தவன் யார்?

இருபத்திரண்டு மணியைத் தொடர்ச்சியாக அடிக்க அந்த ஊரில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அந்த ஆளுக்கு மதியங்களில் வேலை கிடையாது. ஏவிஸுக்கும் கிடையாது. கீல் செய்யும் பட்டறையில் இருந்து ஏப்ரலில் அவளை நிறுத்திவிட்டார்கள். சிரில் தன்னைப் பார்த்த பார்வைக்கு மெர்வின் இப்போது வேறு அர்த்தம் கொடுத்துக்கொண்டார். போன கிறிஸ்துமஸுக்கு பப்பில் சிரில் ஏதோ சொன்னதற்கு ஏவிஸ் சிரித்தது நினைவுக்கு வந்தது. என்ன சொன்னார் என்பது நினைவில்லை. சிரிப்பு மட்டும் இருந்தது.

வீட்டில் ஏவிஸ் பன்றிக்கறி உருண்டையும் பட்டாணிக் கூழும் எடுத்து வைத்தாள். பட்டியலில் இடம் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றார். ரொம்ப நல்லது என்று சொல்லி அவர் தட்டில் இன்னோர் உருண்டை வைத்தாள். அவர் அதைத் தின்னவில்லை.

அவள் தட்டுகளைக் கழுவும்போது தகட்டைப் போய்ப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சுட்டு முடித்து, அவரே புதுப் பூச்சுப் பூசியிருந்தார். தகடு பூசியது பூசியபடி இருந்தது. ஒரு தடம் இல்லை. சுட்டுவிட்டு யாராவது மறுபடி பூசியிருக்கலாமோ என்று ஒரு சந்தேகம். தகட்டின் மூலையில் கட்டைவிரலை அழுத்தி ரேகையைப் பதித்து வைத்தார். வியாழன் மாலை வந்து பார்த்தார். ரேகை அப்படியே இருந்தது. தகடும் அப்படியே. யாரும் பூசவில்லை, ஆகவே யாரும் சுடவில்லை. கில்லியத்துக்குக் காது போய்விட்டது, அல்லது தனியாக இருந்து இருந்து கதை கட்டுகிறார். மெர்வினின் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்வேலிக்கு மேலாகக் கில்லியம் தலையை நீட்டி, நேற்று முப்பத்தொன்று என்றார்.

மெர்வின் உள்ளே போய், யோசிக்காமல், மணிக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கினார். ஞாயிறன்று காலி செய்து வைத்த டின். இப்போது தூக்கியதும் உள்ளே கலகலத்தது. அடி முழுக்க நசுங்கிய ஈயக்குண்டுகள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகச் சுடுகிற மனிதர், தகடு சுத்தமாக இருந்தால் யாரும் சுடவில்லை என்றுதான் நினைத்தார். எல்லாக் குண்டும் உள்ளே போயிருந்தாலும் தகடு சுத்தமாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவருடைய தகட்டில் எப்போதும் தடம் இருந்தது. தன்னால் முடியாததைக் கற்பனை செய்வதுகூடச் சிலருக்கு முடியாத காரியம்.

ஆக, சிரில்தான். சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு மதியம் ஒன்றரைக்கே கிளம்பினார். பின்சந்து வழியாக வந்தார். பின்கதவுப் பிடியில் சிவப்புத் துணி தொங்கியது. உள்ளே தாழ்ப்பாள். அவர் போட்ட விதியே அவரை முற்றத்தில் நிறுத்தியது. உள்ளே மணி அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

நிலக்கரித் தொட்டியின் மேல் ஏறி, பக்கத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏவிஸ் சமையல் மேலாடையோடு, அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் வைத்து, துணிக்கூடையைச் சுமக்கிறவள் போலத் துப்பாக்கியைத் தாங்கியிருந்தாள். மெர்வின் அவளைப் பார்க்கவில்லை. அறையின் மற்ற மூலைகளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மேசையில் எத்தனை கோப்பை என்று பார்த்தார். ஒரு கோப்பை. அவள் ஒருத்தி. மணி அடித்தது.

இன்னோர் ஆள் இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கதவை உடைத்திருப்பார், கத்தியிருப்பார், ஊர் அவர் பக்கம் நின்றிருக்கும். இப்படி ஒரு துரோகத்துக்கு என்ன செய்வது என்று ஊரில் வழக்கம் இல்லை. ஒன்பது மணியோசை எண்ணினார். பத்தாவதும் அடித்தது. தொட்டியிலிருந்து இறங்கி, கால்வாய்க்கரையில் நாலரை வரை நடந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கு வேலை எப்படி என்று ஏவிஸ் கேட்டாள். எப்போதும் போலத்தான் என்றார்.

அன்று மாலை, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் பின்குறியை அரைத் திருகு இடப்பக்கமாக நகர்த்தி வைத்தார். ஏன் செய்கிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் செய்ய முடியாத காரியங்களை மனிதன் கேட்காமல்தான் செய்கிறான்.

செவ்வாய் மாலை தேநீர் குடிக்கும்போது ஏவிஸ் சாதாரணமாகச் சொன்னாள்.

“உன் ஏர்கன் குறி நகந்துடுச்சு மெர்வின். மொதல் குண்டே இடது பக்கம் போச்சு. சரி பண்ணி, அந்தத் திருகையும் இறுக்கி வச்சுட்டேன். நாளைக்கி மேட்ச்ல இப்படி ஆச்சுன்னா மானம் போயிருக்கும் உனக்கு.”

மெர்வின் கோப்பையைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மே மாதத்திலிருந்து என்றாள். வேலை போன பிறகு மதியங்கள் நீளமாக இருந்தன. சும்மா ஒரு நாள் எடுத்துப் பார்த்தாள், நன்றாக இருந்தது, மனசு அடங்கியது. கதவைத் தாழிட்டு, துணியைத் தொங்கவிட்டு, பூனையை மாடியில் விட்டு, எல்லாம் அவர் செய்கிற மாதிரியே செய்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

“சொன்னா நீ சுடறதையே விட்டுடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?”

இதற்கு அவர் ஒரு கோபத்தைத் தயார் செய்யப் பார்த்தார். கோபம் வரவில்லை. தனக்குள் எங்கோ ஆழத்தில் யாருக்கும் தெரியாமல் இருப்பதாக அவர் நினைத்திருந்த ஒன்றை இவள் மே மாதத்திலேயே பார்த்து, அது முழித்துக்கொள்ளாமல் இருக்கக் கால் ஓசைப்படாமல் நடந்திருக்கிறாள். குறி தானாக நகர்ந்தது என்று உண்மையிலேயே நம்புகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன்கிழமை அரையிறுதி. பப்பில் நிற்க இடம் இல்லை. வெங்காயமும் சீஸும் வைத்த ரொட்டிகள் இரண்டு பெரிய தட்டுகளில் இருந்தன. மெர்வின் எட்டாவதாகச் சுட்டார். மணி, தடம், மணி, மணி, தடம். இரண்டு தடமும் நாலு நாலு. இருபத்துமூன்று. எப்போதும் எடுக்கிற இருபத்துமூன்று. சிரிலின் இருபத்தைந்தினால் அணி ஒரு புள்ளியில் தப்பி இறுதிப் போட்டிக்குப் போனது.

பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. எல்லோரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். கில்லியம் ரொட்டியை மென்றுகொண்டே அவருக்காக வாதாடினார்.

“கூட்டத்தைப் பாத்தா இவனுக்குக் கை நடுங்கிடுது, அவ்வளவுதான். வீட்ல இவன் ராஜா. நேத்துகூட நாப்பது. நான் பொய் சொல்வனா?”

சிலருக்கு அப்படித்தான், தனியாக இருந்தால் ஒரு ஆள், கூட்டத்தில் வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். இறுதிப் போட்டியில் பாருங்கள், அந்த வீட்டு மெர்வின் வந்துவிட்டால் கோப்பை நமக்குத்தான் என்றார் மூன்றாமவர். அவர்கள் அந்த வீட்டு மெர்வினைப் பற்றிப் பேசப் பேச, அவன் வளர்ந்துகொண்டே போனான். நாற்பது மணி அடிப்பவன். அடித்துவிட்டுப் பெருமை பேசாதவன். பப்பில் அவனுக்கு நண்பர்கள் அதிகம். ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தால் போதும், ஆயுள் முழுக்க அவனாக இருந்துகொள்ளலாம். கூச்சம் என்று ஊர் மன்னித்துவிடும்.

மெர்வின் அவனைக் கூர்ந்து பார்த்தார். அவன்மேல் அவருக்கு வந்த பொறாமை இதுவரை சிரில்மேல் வந்ததைவிட, ஏவிஸ்மேல் வந்ததைவிடக் கொடியதாக இருந்தது. தன் பெயரையும் தன் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, தான் ஒருபோதும் கேட்டிராத பாராட்டுகளை எல்லாம் அவன் வாங்கிக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே வீட்டில் வாழ முடியாது.

“அது நான் இல்ல, சிரில்,” என்றார்.

சிரில் திரும்பினார்.

“மத்தியானம் நான் வேலைல இருந்தேன். சுட்டது ஏவிஸ். இருபத்திரண்டும் அவதான், நாப்பதும் அவதான். நீங்க என் பேரை எழுதினப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல.”

மேசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கில்லியம் மெல்லுவதை மறந்தார். நாற்பது மணியை இத்தனை நாள் தப்பான ஆளுக்கு எழுதிவிட்டோமே என்று அவர் முகம் வாடியது. சிரில் மட்டும் அப்படியே இருந்தார். அந்த எதுவும் இல்லாத முகத்துடன் சுவரில் இருந்த பட்டியலைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எட்டாவது வரியில் ‘மெ. ட்ராமன்ஸ்’ என்று இருந்தது. முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு மேலே ‘ஏ’ என்று எழுதினார். மிச்சத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

“வருவாங்களா?” என்று கேட்டார்.

“கேக்கறேன்,” என்றார் மெர்வின்.

ஏவிஸ் உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். அந்த இடம் உன்னுடையது என்று ஒரு தடவை சொன்னாள். அந்த இடம் அவள் மணிகளுக்குக் கொடுத்தது என்று மெர்வின் சொன்னார். பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்குவது போல வந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். ஆனாலும் சரி என்றாள்.

இறுதிப் போட்டியன்று அவள் தேவாலயத்துக்குப் போகும் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மெர்வின் சுவர் ஓரமாக, சுடாதவர்கள் உட்காரும் பலகையில் கில்லியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏவிஸ் சுடும் கோட்டில் வந்து நின்று முழங்கையை இடுப்பில் ஊன்றியபோது எதிரணியில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். முதல் மணி அடித்தது. சிரிப்பு நின்றது.

அந்த முதல் குண்டுக்கு முன்னால் மெர்வின் மனதில் ஓடிய வேண்டுதல் நல்ல வேண்டுதல் அல்ல. இரண்டாவதற்கும் அதேதான். தவறட்டும், ஒன்றே ஒன்று தவறட்டும், என்னால் முடியாதது இவளாலும் முடியாமல் போகட்டும். இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவதும் அடித்தது. நான்காவதுக்கு அவள் துப்பாக்கியை ஏற்றி, மறுபடி இறக்கி, மூச்சை விட்டுவிட்டு மறுபடி ஏற்றினாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது அவருக்குத் தெரிந்தது. மணி அடித்தது. அந்த முறை அவர் வேண்டிக்கொள்ள மறந்துவிட்டிருந்தார்.

ஐந்தாவது குண்டு துளையின் விளிம்பை உரசி வெள்ளையில் ஒரு மெல்லிய தடம் விட்டது. நாலு. மொத்தம் இருபத்துநாலு.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது, சற்றுத் தாமதமாக. பலகையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருக்கிறோம் என்பதை அவர் கில்லியம் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் அறிந்தார். கையில் இருந்த பீர் பாதி கால்சட்டையில் கொட்டியிருந்தது. ஏவிஸ் துப்பாக்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நேராக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல், எதிரே இருந்த தகட்டைப் பார்த்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“சந்தோஷமா?”

இவளுக்கு எல்லாம் தெரியும், குறி நகர்ந்த கதையும் தெரியும் என்று மெர்வினுக்கு அப்போது விளங்கியது. மறைக்க எதுவும் மிச்சம் இல்லாததால் தனக்குள் தேடிப் பார்த்தார்.

“இல்ல,” என்றார். “அது உள்ள போயிருக்கணும்.”